சுழலாமல் வெல்லும் விமானம்

1942-ஆம் வருஷம் ஜூன் மாதம் 23-ஆம் தேதி, தென் இங்கிலாந்தின் ஆகாயத்தில் நடந்த ஒரு சண்டையில் திசை தடுமாறிய ஆர்மின் ஃபாபர் என்ற ஜெர்மானிய விமானி, பிரிஸ்டல் கால்வாயை ஆங்கிலக் கால்வாய் என்று மயங்கி, பிரான்ஸ் வந்துவிட்டது என்ற நம்பிக்கையுடன், வேல்ஸ் தேசத்துப் பெம்ப்ரே விமானதளத்தில் தம் ஃபோக்க-வுல்ஃப் 190 விமானத்தை இறக்கினார். பல மாதங்களாக அந்த விமானத்தால் அல்லற்பட்டுக்கொண்டிருந்த பிரிட்டிஷ் விமானப்படைக்கு அது தேடாமல் வந்த நிதி. தங்கள் ஐந்தாம் வகை ஸ்பிட்ஃபயருடன் அதைப் பக்கம் பக்கமாகப் பறக்கவிட்டுப் பரீட்சித்த நிபுணர்கள், வேகத்திலும், மேலேறும் திறத்திலும், கீழே பாய்வதிலும், பக்கவாட்டில் உருளும் விரைவிலும் பகைவனின் விமானமே மேம்பட்டது என்றும், சிறிய வட்டத்தில் திரும்புவது ஒன்றில் மாத்திரம் ஸ்பிட்ஃபயர் முந்துகிறது என்றும் கண்டார்கள்.

அந்தப் பரீட்சையை எண்பது வருஷங்களுக்குப் பின்னரும் தத்தம் வீட்டு அறையில் அமர்ந்தபடி திரும்பத் திரும்ப நடத்துகிறவர்கள் பல தேசங்களிலும் உண்டு. ‘ஐஎல்-2 ஸ்டர்மோவிக்’ வரிசையைச் சேர்ந்த போர்விமான சிமுலேட்டரில், ஃபாபர் ஓட்டிவந்த அதே ஏ-3 வகையையும், அதற்கு எதிரியான ஸ்பிட்ஃபயர் ஐந்து-பி வகையையும், எடை, இறக்கைப் பரப்பு, எஞ்சினின் சக்தி, காற்றின் தடை முதலியவற்றையெல்லாம் கணித்து உருவாக்கியிருக்கிறார்கள். இணையத்தின் வழியே நடக்கும் சண்டையில், எதிரே வரும் விமானத்துக்குள் தூரதேசத்து மனிதன் ஒருவனின் புத்தி வேலை செய்துகொண்டிருக்கிறது. ஆகையால் இதை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்க என் மனம் ஒப்புவதில்லை. கையின் விரைவைக் காட்டிலும் மனத்தின் அடக்கமே இங்கே ஜயத்தைத் தருகிறது என்பது என் திடமான அபிப்பிராயம்; அந்த அடக்கத்தை ஃபோக்க-வுல்ஃபைப் போல வற்புறுத்திக் கேட்கும் விமானம் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

முதலில் உயரம். குதிரில் சேர்த்த நெல் வேண்டிய நாளில் சோறாவதுபோல, ஏறிச் சேர்த்த உயரம் வேண்டிய கணத்தில் வேகமாகிறது. வேகமும் அவ்வாறே மீண்டும் உயரமாகிறது. காற்றின் தடையைக் கணக்கில் கொள்ளாவிட்டால், மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் விமானம் அந்த வேகம் முழுவதையும் செலவிட்டு ஏறக்குறைய 350 மீட்டர்தான் ஏற முடியும். 600 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதோ 1,400 மீட்டர் ஏறிவிடும். வேகம் இரட்டிக்கும்போது கையிருப்பு நான்கு மடங்காகிறது என்ற இந்த உண்மையை 1960-களில் அமெரிக்க விமானி ஜான் பாய்டு போன்றவர்கள் விரிவான கணிதமாக்கினார்கள். ஆனால் யுத்தகாலத்து வீரர்கள் அதை அனுபவத்தால் அறிந்திருந்தார்கள். சோவியத் விமானி அலெக்சாந்தர் பொக்ரீஷ்கின் தம்மவர்களுக்கு வகுத்துக்கொடுத்த சூத்திரம் உயரத்தில் தொடங்கி, வேகத்தையும் விமானத்தைத் திருப்பிக் கையாளும் வகையையும் கடந்த பிறகே சுடுவதற்கு வருகிறது.

ஆட்டக்காரர்கள் ‘பூம் அண்ட் ஜூம்’ என்று வழங்கும் தாக்குதல் இதன் பிரயோகமே. எதிரிக்கு ஆயிரம் மீட்டருக்கு மேல், கூடுமானால் சூரியனை முதுகில் வைத்துக்கொண்டு, அவன் நம்மைக் காணவில்லை என்று நிச்சயமான பிறகு பாயவேண்டும். பாயும்போது அவனையே வெறித்து நோக்காமல், அவனுக்குத் துணையாக மற்றொருவன் எங்கேனும் இருக்கிறானா என்று ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொள்வது உத்தமம். 300 மீட்டருக்கு வெளியே சுடுவது பெரும்பாலும் விரயம். ஃபோக்க-வுல்ஃப் இறக்கையின் வெளிப்புறத்துப் பீரங்கிகளின் குண்டுகள் சில விநாடிகளிலேயே தீர்ந்துபோகக் கூடியவை. பின்னாலிருந்து நெருங்கினால் குறி எளிது. மணிக்கு 400 கிலோமீட்டர் வேகத்தில் நமக்குக் குறுக்கே போகிறவனாயிருந்தாலோ, 300 மீட்டர் தூரத்தைக் குண்டு கடப்பதற்குள் அவன் சுமார் 45 மீட்டர் நகர்ந்துவிடுகிறான். அதாவது அவன் விமானத்தைப்போல் ஐந்து மடங்கு நீளம் முன்னே வெறும் ஆகாயத்தைக் குறிவைத்துச் சுடவேண்டும். புதியவர்கள் வாலுக்குப் பின்னாலேயே சுட்டுக்கொண்டிருப்பதன் காரணம் இதுதான்.

பட்டாலும் படாவிட்டாலும் அடுத்து மேலே ஏறிவிடவேண்டும். சொல்லுக்கு எளிதாகிய இந்த விதி, செயலில் எத்தனை கடினம்! எதிரி கண்ணெதிரே இறக்கையைச் சாய்த்துத் திரும்புகிறான்; இன்னும் சற்றே இழுத்தால் குறிக்குள் வந்துவிடுவான் என்று தோன்றுகிறது; கை தானாகவே ஜாய்ஸ்டிக்கைப் பின்னுக்கு இழுக்கிறது. அங்கேதான் விநாசம் தொடங்குகிறது. ஃபோக்க-வுல்ஃபின் இறக்கை சிறியது, சுமையோ பெரியது. ஒவ்வொரு வளைவிலும் வேகம் கரைய, அவனோ உள்வட்டத்தில் சுழன்று பின்னால் வந்துவிடுகிறான். மேலும் இழுத்தாலோ, போதிய எச்சரிக்கையின்றி ஒரு பக்கத்து இறக்கை வீழ்ந்து, விமானம் மல்லாந்துவிடும். எரிக் பிரௌன் என்ற பிரிட்டிஷ் சோதனை விமானி நிஜ விமானத்தில் கண்டு எழுதிய இந்தக் குணத்தைச் சிமுலேட்டரிலும் காண்கிறோம். தாழ்வான உயரத்தில் அது நேர்ந்தால் மீட்சி இல்லை.

எதிரி பின்னால் வந்துவிட்டால், திரும்பித் திரும்பித் தப்ப முயல்வது வீண். உருளும் விரைவு என்ற நம் செல்வத்தை அப்போது பயன்படுத்தவேண்டும். ஒரு பக்கம் திரும்புவதுபோல் சாய்ந்து, அவனும் தொடர்ந்து சாய்ந்த கணத்தில், சட்டென்று மறுபக்கம் உருண்டு கீழ்நோக்கிப் பாய்ந்தால், அவன் தன் இறக்கைகளைப் புரட்டிக்கொண்டு வருவதற்குள் இடைவெளி விழுந்துவிடும். 1942-ல் பரீட்சித்தவர்களும், ஸ்பிட்ஃபயர் பின்தொடர மிகவும் சிரமப்பட்ட சாகசமாக இதையே குறித்தார்கள்.

துணைக்குப் பறக்கும் மற்றொரு விமானத்தின் விமானியைப் பற்றி விரிவாகச் சொல்ல இடமில்லை. ஆயினும், ஹெட்போனில் பேசிக்கொண்டு ஒருவர் தாக்க ஒருவர் மேலிருந்து காவல் புரியும் இருவருக்கு, தனித்தனியே அலையும் நால்வர் ஈடாகமாட்டார்கள் என்று மாத்திரம் சொல்லிவைக்கிறேன்.

இதுகாறும் சொன்னவை ஐந்தாம் வகை ஸ்பிட்ஃபயரை எண்ணிச் சொன்னவை. 1942-ஆம் வருஷத்துக் கோடையிலேயே, இரண்டு கட்ட சூப்பர்சார்ஜர் பொருத்திய மெர்லின் எஞ்சினுடன் ஒன்பதாம் வகை போருக்கு வந்துவிட்டது. அதற்கு முன்னால் ஃபோக்க-வுல்ஃபுக்கு இருந்த வேகமும் ஏற்றமும் பெரும்பாலும் சமனாகிவிட்டன. சிமுலேட்டரில் பிற்கால யுத்தக்களத்தைத் தேர்ந்துகொண்டவர்கள் அதையும் சந்திக்கத்தான் வேண்டும். எதிரி திடீரென்று சாய்ந்து அடிப்பாகத்தைக் காட்டும் நொடியில் கவனித்தால் வேற்றுமை தெரியும்: ஐந்தாம் வகையில் ஓர் இறக்கையின் கீழ் அகன்ற ரேடியேட்டர் பெட்டியும் மற்றதன் கீழ் ஒடுங்கிய எண்ணெய்க் குளிர்விப்பானும் இருக்கும், ஒன்பதாம் வகையில் இரு பக்கமும் ஒத்த அளவுள்ள பெட்டிகள். மூக்கும் சற்று நீண்டிருக்கும். ஒத்த பெட்டிகளைக் கண்டவன், மேலேறித் தப்பலாம் என்ற பழைய தைரியத்தை நம்பாமல், இடைவெளி இருக்கும்போதே மறுபக்கம் உருண்டு பாய்ந்து, தன் தளத்தின் திசையில் விமானத்தைச் செலுத்தவேண்டும்.