ஆழம் பார்த்துக் காலை விடவும்

அந்தமானின் ஹேவ்லாக் (2018 முதல் சுவராஜ் தீவு) கடற்கரையில் ஸ்கூபா மையங்களுக்குப் பஞ்சமில்லை. ஒரு நாள் மூழ்கி மீன் பார்ப்பவருக்குத் தேர்வு சுலபம். டைவ்மாஸ்டராகி அதையே பிழைப்பாக்க விரும்புபவருக்கு அப்படியல்ல.

'பாடி' அமைப்பின் விதிப்படி வயது 18. மீட்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். சேர 40 முறை, சான்றிதழ் பெற 60 முறை கடலில் மூழ்கியிருக்க வேண்டும். எண்ணிக்கையை எந்த மையமும் நிரப்பித் தந்துவிடும். கேட்க வேண்டியவை வேறு. ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர்கள்? படகில் ஆக்சிஜன் இருக்கிறதா? அழுத்த சிகிச்சை அறைக்குப் போய்ச்சேர எவ்வளவு நேரமாகும்? புதியவர்களை வழிநடத்தக் கற்றுத்தருவார்களா, சிலிண்டர் சுமக்க வைப்பதோடு சரியா?

கடைசிக் கேள்விதான் முக்கியம்: கடல் சரியில்லை என்று படகைத் திருப்பியதுண்டா? தயங்காமல் 'உண்டு' என்கிற மையத்தை நம்பலாம். நாளை பிறர் உயிருக்குப் பொறுப்பேற்கப்போகிறவர் கற்க வேண்டிய முதல் பாடமும் அதுதான்.