சாவியை அறியாத கார்



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழிப் பின்னிரவு. மணி நாலரை இருக்கும். அமராவதிபுதூரில் எங்கள் இல்லத்தில் வாழ்ந்துவரும் என் தமக்கையாருக்குத் திடீரென மூச்சுத் திணறல் கண்டது. காரைக்குடிக்கு அழைத்துச் செல்லக் கருதி, அவரைக் காரில் அமர்த்திச் சாவியைத் திருப்பினேன். எஞ்சின் விசையோடு சுழன்றது, ஆனால் பற்றிக்கொள்ளவில்லை. ஆறு முறை முயன்றும் அதே நிலைதான். முகப்புப் பலகையில் காரும் பூட்டும் சேர்ந்த வடிவில் ஒரு சிறு செவ்விளக்கு விடாது மின்னிக்கொண்டிருந்தது. அந்தப் பதற்றத்தில் அதனைப் பொருட்படுத்தினேனல்லேன். 108 ஊர்தியை அழைத்தோம். அது வந்து உதவிற்று. தமக்கையார் நான்காம் நாள் நலத்துடன் வீடு திரும்பினார். கார் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது.

பல்லாண்டுகள் அறிவியல் கற்பித்தவன் நான். சோதனைச் சாலையில், 'முதலில் உற்றுநோக்கு. பிறகு முடிவு சொல்' என்று எத்தனை மாணவர்களைக் கடிந்திருப்பேன்! அத்தகைய நானே, 'பாட்டரி போய்விட்டது' என்று எவரோ சொன்னதை நம்பி, நாலாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்துப் புதியது வாங்கிப் பொருத்தினேன். கார் கிளம்பவில்லை.

பின்னர் வந்த மெக்கானிக் ஓர் இளைஞர். ஒருமுறை சாவியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "செல்ஃப் நன்றாக எடுக்கிறதே சார், பாட்டரியை ஏன் மாற்றினீர்கள்?" என்றார். அடுத்து அவர் கேட்ட கேள்விதான் எனக்கு வியப்பளித்தது: "சாவியில் ஏதாவது வேலை பார்த்தீர்களா?"

ஆம், பார்த்திருந்தேன். சாவியின் பிளாஸ்டிக் தலைப்பகுதி விரிந்துபோயிருந்தது. முதல்நாள் மாலை கடைவீதியில் ஒருவரிடம் கொடுத்துப் புதுக் கூடு மாற்றி வந்தேன். அதற்கும் எஞ்சினுக்கும் என்ன தொடர்பு? அதைத்தான் இன்று விளக்கப் போகிறேன்.

எங்கள் செட்டிநாட்டுப் பழைய வீடுகளில் சாண் நீள இரும்புச் சாவிகளைக் காணலாம். திண்டுக்கல்லின் மாங்காய்ப் பூட்டும் பலருக்குத் தெரிந்ததே. (2019-இல் திண்டுக்கல் பூட்டும் எங்கள் காரைக்குடிக் கண்டாங்கிச் சேலையும் புவிசார் குறியீடு பெற்றன என்பதை இங்கே பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்.) இத்தகைய பூட்டு அறிவது ஒன்றே ஒன்று: சாவியின் வடிவம். பற்களும் பள்ளங்களும் பொருந்தினால் திறக்கும். கொண்டுவந்தவர் யார் என்று கேளாது.

கார் அவ்வாறன்று. இன்றைய சாவியின் தலைக்குள் 'சிப்' எனப்படும் ஒரு நுண்ணிய மின்னணுத் துண்டு உள்ளது. சாவித் துளையைச் சுற்றிக் கம்பிச்சுருள் ஒன்று மறைந்திருக்கிறது. சாவியைத் திருப்பியதும் அச்சுருளில் மாறுமின்னோட்டம் பாய்கிறது. பல கார்களில் அதன் அதிர்வெண் 125 கிலோஹெர்ட்ஸ் அளவு. 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டல் இங்கே தொழிற்படுகிறது. சுருளின் மாறும் காந்தப்புலம், சிப்பிலுள்ள சிறு சுருளில் மின்சாரத்தைத் தோற்றுவிக்கிறது. சிப்புக்கெனத் தனிப் பாட்டரி வேண்டியதில்லை. முற்காலத்துக் கிரிஸ்டல் வானொலிப் பெட்டி, பாட்டரி இன்றி, வந்த அலையின் ஆற்றலைக் கொண்டே பாடிற்றல்லவா? ஏறத்தாழ அதுபோன்றதே இது.

உயிர்பெற்ற சிப்பிடம் கார் ஓர் எண்ணை அனுப்புகிறது. சிப் தன்னுள் பொதிந்த இரகசியக் கணக்கின்படி விடை தருகிறது. கார் தானும் அக்கணக்கைப் போட்டுப் பார்க்கிறது. விடைகள் ஒத்தால் எஞ்சினுக்கு இசைவு. ஒவ்வாவிடில் எரிபொருளோ தீப்பொறியோ செல்லாது. இக்காவல் அமைப்புக்கு 'இம்மொபிலைசர்' என்று பெயர். ஐரோப்பாவில் 1998 முதல் புதிய கார்களில் இது கட்டாயமாயிற்று. இதன் அருமையை அமெரிக்கா கண்டது. அங்கே 2015-ஆம் ஆண்டு மாதிரிக் கார்களில், பிற நிறுவனங்களின் வண்டிகளில் நூற்றுக்கு 96-இல் இக்கருவி இயல்பாகவே இருந்தது. ஹூண்டாய், கியா கார்களிலோ நூற்றுக்கு 26-இல்தான். 2021, 2022 ஆண்டுகளில் அக்கருவியில்லாத கார்கள் ஏராளமாகக் களவு போயின. சிறுவர்கள்கூட ஓட்டிச் சென்றனர்.

சரி, என் சாவிக்கு வருவோம். கூடு மாற்றியவர் உலோகப் பகுதியையும் பொத்தான் பலகையையும் புதுக் கூட்டுக்கு மாற்றினார். சிப்போ பழைய கூட்டின் மூலையில் தனியே ஒட்டியிருந்தது. அதனை அவர் கவனிக்கவில்லை. எதையும் எறியாத வாத்தியார்ப் பழக்கத்தால் பழைய கூட்டை மேசை அறையில் போட்டு வைத்திருந்தேன். இளைஞர் அதைப் பிளந்தார். புளியங்கொட்டையினும் சிறிய கரிய துண்டு ஒன்று உதிர்ந்தது. அதனைச் சாவித் தலையோடு சேர்த்துப் பிடித்துத் திருப்பினார். எஞ்சின் உடனே பற்றிக்கொண்டது!

அவர் நோயறிந்த முறையை நான் பின்னர் கேட்டு எழுதிக்கொண்டேன். முதலில் காது. சாவியைத் திருப்பினால் 'டக் டக்' என்ற ஒலி மட்டும் எழுந்து, விளக்குகள் மங்கினால் ஐயம் பாட்டரிமேல் விழும். ஆறு அறைகள், அறைக்கு ஏறத்தாழ 2.1 வோல்ட், முழு நலத்தோடு ஓய்ந்திருக்கும் பாட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12-க்குக் கீழ் இறங்கினால் அது பெரிதும் வறண்டதென்க. (மின்கல ஆராய்ச்சி நடைபெறும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953-இல் எங்கள் காரைக்குடியில்தான் திறக்கப்பெற்றது. அந்நிலையத்துக்கு அருகிலிருந்துகொண்டு பாட்டரியைத் தவறாகக் குற்றஞ்சாட்டிய என் நிலையை என்னென்பது!) எஞ்சின் விசையோடு சுழன்றும் பற்றாமல், செவ்விளக்கும் மின்னினால் ஐயம் சாவியின்மேல். சில கார்கள் பற்றிக்கொண்டு இரண்டொரு நொடியில் அணைந்துவிடும். சிலவற்றில் செல்ஃபே சுழலாது. கார்தோறும் இது வேறுபடும். உடன் வரும் கையேட்டைப் படித்தல் நலம். ஒன்று மறவற்க: பாட்டரி மிக நலிந்தால் காரின் கணிப்பொறி தடுமாறிச் சாவியை அறியாமலும் போகலாம். ஆகவே வோல்ட்டைப் பார்த்த பின்னரே சாவியைக் குறை கூறல் வேண்டும்.

அடுத்த சோதனை இரண்டாம் சாவி. அதில் கார் கிளம்பினால் குற்றம் முதற் சாவியினது. இரண்டிலும் கிளம்பாவிடில், சாவித் துளைச் சுருளையோ அதன் கம்பியையோ ஆராய வேண்டும். ஒரே வளையத்தில் வேறொரு காரின் சாவியும் தொங்கினால், இரு சிப்புகளும் ஒருங்கே பேசிக் குழப்புவதுண்டு. தனியே கழற்றிப் பார்க்க.

பொத்தானை அழுத்திக் கிளப்பும் கார்களில் சாவிக்குள் நாணயம் போன்ற 3 வோல்ட் பாட்டரி ஒன்று இருக்கும். அது தீர்ந்தால் கதவும் திறவாது, காரும் சாவியை உணராது. அஞ்ச வேண்டாம். சாவிக்குள் ஒளிந்துள்ள உலோகச் சாவியால் கதவைத் திறந்து, சாவியைப் பொத்தானோடு ஒட்டிப் பிடித்து அழுத்தினால், ஃபாரடேயின் தூண்டலே பல கார்களில் கை கொடுக்கும்.

இரு சாவிகளும் தொலைந்தாற்றான் பெருந்தொல்லை. தெருவில் வெட்டித் தரும் வெறும் உலோகச் சாவி கதவைத் திறக்கும், எஞ்சினைக் கிளப்பாது. புதிய சிப்பைக் காரின் கணிப்பொறிக்கு அறிமுகம் செய்யத் தனிக் கருவி வேண்டும், உரிமைச் சான்றும் கேட்பர், செலவும் மிகுதி. என் காரின் இரண்டாம் சாவி கோயம்புத்தூரில் மகனிடம் இருந்தது. அந்த வாரமே கூரியரில் வரவழைத்தேன். இப்போது அது தமக்கையார் அறையில், நாட்காட்டிக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது.