கடன் கொடுத்தவரைக் கேள்வி கேட்கலாமா?

நூல் வாங்கக் கடன் பெறும் நெசவாளரிடம், பணம் தறிக்குத்தான் சென்றதா என்று நம் சங்கம் கேட்கிறது. ஆலைகளுக்குக் கோடிக்கணக்கில் கடன் தருவோரும் அவ்வாறு கேட்கக் கடமைப்பட்டவரே. அவர்கள் கேட்கத் தவறினால் அவர்களை யார் கேட்பது? கும்மிடிப்பூண்டி வரை ஆலைகள் பெருகியுள்ள சோழவரம் வட்டாரத்தில் இது வீண் கேள்வியன்று.

குஜராத்தில் முந்திரா கடற்கரையில் டாடா நிறுவனம் எழுப்பிய நிலக்கரி மின் நிலையத்திற்கு, உலக வங்கிக் குழுவைச் சேர்ந்த சர்வதேச நிதிக் கழகம் 2008இல் 45 கோடி டாலர் கடன் தர இசைந்தது. சுற்றுப்புறத்துக்கும் மக்களுக்கும் கேடு நேராமல் காக்க வேண்டும் என்பது கடன் நிபந்தனை. ஆயினும், வெந்நீர் கடலில் விழுந்து மீன் குறைந்தது, நிலத்தடி நீர் உப்பாயிற்று, நிலக்கரித் தூள் பயிரில் படிந்தது என்று மீனவரும் உழவரும் முறையிட்டனர். கழகத்தின் குறைகேள் அலுவலகமே, மேற்பார்வை போதவில்லை என்று 2013இல் அறிக்கை தந்தது. நிர்வாகமோ அதன் முடிவுகளில் பெரும்பாலானவற்றை ஏற்கவில்லை.

2015இல் மீனவரும் உழவரும், ஒரு கிராமப் பஞ்சாயத்தும், மீனவர் சங்கமும் ஒன்றுசேர்ந்து, கழகத்தின் தலைமையகம் உள்ள வாஷிங்டனில் வழக்குத் தொடுத்தனர். சர்வதேச ஸ்தாபனங்கள் மீது வழக்கே செல்லாது என்று கழகம் வாதித்தது. அந்நிய அரசுகளுக்குள்ள பாதுகாப்பே இவற்றுக்கும் உண்டு என்கிறது 1945ஆம் வருஷத்து அமெரிக்கச் சட்டம். அரசுகள் வியாபாரத்தில் இறங்கினால் அப்பாதுகாப்பு இல்லை என 1976இல் வேறொரு சட்டம் வந்தது. ஆகவே கழகத்துக்கும் முழுப் பாதுகாப்பில்லை என்று அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு 2019 பிப்ரவரி 27இல், ஏழு நீதிபதிகள் ஒருபுறமும் ஒருவர் மறுபுறமுமாகத் தீர்ப்பளித்தது.

கதவு திறந்தது, உள்ளே செல்ல இயலவில்லை. வழக்குக்கு ஆதாரமான செயல் இந்தியாவில் நிகழ்ந்தது என்று கீழ்க்கோர்ட்டு 2020இலும், அப்பீல் கோர்ட்டு 2021இலும் தள்ளிவிட்டன. கடனுக்குக் கையொப்பமிட்ட இடம் வாஷிங்டன், கேடு விளைந்த இடம் முந்திரா என்று பிரித்துப் பார்ப்பது ஏழைக்குப் பெரிய இடர்ப்பாடே.

எனினும் குறைகேள் அலுவலகத்தின் வழி அடைபடவில்லை. பாதிக்கப்பட்டவர் தனியாகவோ சங்கமாகவோ, கட்டணமின்றி, தமிழிலேயே அங்கு மனு எழுதலாம். கழகம் பணம் தந்த திட்டமாயிருத்தல் அவசியம். அவ்விவரத்தைக் கழகமே வெளியிடுகிறது. கழகம் தன் பங்கை முடித்து விலகியபின் அளிக்கும் மனு பெரும்பாலும் ஏற்கப்படாது. ஆகையால் ஆலைக்குக் கடன் கொடுத்தவர் யார் என்பதைத் தொடக்கத்திலேயே விசாரித்தறிதல் வேண்டும்.