கிராம சபைக்குப் போனால் என்ன கிடைக்கும்?

பாலக்காடு மாவட்டம் எலப்புள்ளி, தமிழக எல்லைக்கு அருகே உள்ள ஊர். இங்கு கூலி வேலை செய்யும் தமிழர்களிடம் கிராம சபை என்று சொன்னால், "அரை நாள் கூலி போய்விடும், பேசுவதும் மலையாளம், நமக்கு அங்கே என்ன வேலை?" என்று ஒதுங்குகிறவர்கள் உண்டு.

வேலை இருக்கிறது!

யார் உறுப்பினர்?

1994-ம் ஆண்டு கேரள பஞ்சாயத்து ராஜ் சட்டப்படி, ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு கிராம சபை உண்டு. வார்டு வாக்காளர்கள் எல்லோரும் அதன் உறுப்பினர்கள். தாய்மொழி எது என்று சட்டம் கேட்பதில்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும்.

3 மாதத்துக்கு ஒரு முறையாவது சபை கூடவேண்டும். வீடு கட்ட உதவி போன்ற திட்டங்களில் யாருக்கு முன்னுரிமை என்ற பட்டியல் இங்கேதான் பரிசீலிக்கப்படுகிறது. வராதவர் கஷ்டத்தை யார் எடுத்துச் சொல்வார்கள்?

வாக்காளர்களில் 10 சதவீதம் பேர் வந்தால்தான் 'கோரம்'. 1,000 வாக்காளர் என்றால் 100 பேர் வேண்டும். 99 பேர் வந்தாலும் போதாது!

தண்ணீர்ப் பிரச்சினை

இதே மாவட்டத்தில் பெருமாட்டி பஞ்சாயத்தைச் சேர்ந்தது பிளாச்சிமடை. 2000-ம் ஆண்டு அங்கே கோகோ கோலா ஆலை வந்தது. கிணற்று நீர் கெட்டுவிட்டது என்று 2002 ஏப்ரலில் மக்கள் போராட்டம் தொடங்கினார்கள். ஆதிவாசிப் பெண் மயிலம்மா முன்னே நின்றார். 2003-ல் பஞ்சாயத்து லைசென்சைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் உற்பத்தி நின்றது.

எலப்புள்ளிக்கும் அப்படி ஒரு கேள்வி வந்தது. 2025 ஜனவரியில் இங்கே மது ஆலை அமைக்க மாநில அமைச்சரவை முதற்கட்ட அனுமதி தந்தது. தண்ணீருக்கு ஆபத்து என்று பஞ்சாயத்து எதிர்த்தது. ஊர்க் கிணறு வற்றினால், தமிழர் வீட்டுக் குடமும் காலிதான்.

மொழி தடையா?

மொழிச் சிறுபான்மைப் பகுதி என அறிவிக்கப்பட்ட இடங்களில், உள்ளூர் அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் மனு எழுதவும், தமிழிலேயே பதில் பெறவும் 1969-ம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது. சபையில் தமிழில் பேசினால் பாலக்காட்டுக்காரர்களுக்குப் புரியாமல் போகாது.

செய்யவேண்டியது இவ்வளவுதான்: வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். கூட்டத் தேதியை வார்டு உறுப்பினரிடம் கேட்டுக்கொள்ளவேண்டும். கணவருக்கு ஷிப்டு என்றால் மனைவி போகலாம். சொன்ன கோரிக்கை நடவடிக்கைக் குறிப்பில் எழுதப்பட்டதா என்று பார்த்துவிட்டுத் திரும்பவேண்டும்.

அரை நாள் கூலியை அடுத்த வாரம் சம்பாதிக்கலாம். விட்டுப்போன பெயரைச் சேர்க்க, அடுத்த பட்டியல் வரை காத்திருக்கவேண்டும்!