300 ரூபாய்க் கோழி கற்றுத் தந்த பாடம்



"நாட்டுக்கோழி வளர்க்கிறதுல என்ன கஷ்டம்? காலையில திறந்துவிட்டா தானா மேயும், பொழுது சாய்ஞ்சா தானா வந்து அடையும்" என்று சொல்வார்கள். நானும் அப்படி நினைத்தவள்தான். பட்ட பிறகுதான் புத்தி வந்தது. என்னைப் போல இன்னொரு சகோதரி கஷ்டப்படக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் மணப்பாறை பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். வீட்டுக்காரர் கொத்தனார். மழைக்காலத்தில் வேலை இருக்காது. 2021-ல் என் அம்மா வீட்டிலிருந்து நாலு பெட்டைக் கோழியும் ஒரு சேவலும் கொண்டு வந்தேன். "இயற்கையா வளர்ப்போம், மருந்து மாத்திரை எதுவும் வேண்டாம்" என்பது என் எண்ணம். வளர்ப்பு முறை எல்லாம் என் மாமியார் சொல்லிக் கொடுத்ததுதான்.

இட்டு ஒரு வாரத்துக்கு மேல் ஆன முட்டையை அத்தை அடைக்கு வைக்க விடமாட்டார். கூடையில் மணல் பரப்பி, அதன் மேல் வைக்கோல் போட்டு, 9 அல்லது 11 முட்டை வைப்போம். ஓரத்தில் ஒரு கரித்துண்டு, ஒரு இரும்புத் துண்டு. இடி இடித்தாலும் முட்டை கெடாதாம். எனக்கு அதில் நம்பிக்கை பாதிதான். ஆனாலும் வைக்காமல் விட்டதில்லை! ஏழாம் நாள் ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் முட்டையைப் பார்த்தால் உள்ளே சிவப்பு நரம்பு ஓடுவது தெரியும். ஒன்றுமே தெரியாத முட்டையை எடுத்துவிடலாம். 21-ம் நாள் குஞ்சு வெளியே வந்துவிடும். அதிலிருந்து ஒரு மாதம் காக்கா, பருந்து, பூனை, கீரி எல்லாமே எதிரிதான். தாயையும் குஞ்சுகளையும் பஞ்சாரம் போட்டுக் கவிழ்த்து வைத்து, நான் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் திறந்துவிடுவேன்.

தீனிக்குப் பெரிய செலவில்லை. குஞ்சுக்கு நொய், பெரிய கோழிக்குக் கம்பு, சோளம். முருங்கைக்கீரையை உருவிப் போடுவேன். முட்டை ஓட்டை வறுத்துப் பொடி செய்து தீனியில் கலந்தால் அடுத்த முட்டைக்குத் தோல் கெட்டியாக இருக்கும். பழைய பானையில் காய்ந்த சாணி, கிழிந்த சாக்கு, ஓலைத்துண்டு எல்லாம் போட்டு, தண்ணீர் தெளித்து, சாயந்தரம் கரையான் இருக்கும் இடமாகப் பார்த்துக் கவிழ்த்து வையுங்கள். காலையில் கரையான் அப்பியிருக்கும். குஞ்சுகள் அதைக் கொத்துகிற அழகே அழகு! ஒன்று மட்டும் கவனம். பூஞ்சணம் பிடித்த தானியத்தை "கோழிக்குத்தானே" என்று போட்டுவிடாதீர்கள். அது விஷம்.

பேன் தொல்லைக்கு, நிழலில் ஒரு குழி வெட்டி அடுப்புச் சாம்பல், மணல், காய்ந்த வேப்பிலைத் தூள் கலந்து கொட்டிவிட்டால் போதும். கோழியே புரண்டு குளித்துக்கொள்ளும். அடைக்கூடையில் வைக்கோலுக்கு அடியில் நொச்சி இலை போடுவோம்.

இப்படியே 5 கோழி 26 ஆச்சு. முட்டைக் காசைச் சேர்த்து மூத்தவளுக்குப் பள்ளிக்கூட சைக்கிளைச் சரிசெய்து கொடுத்தேன். அடகில் இருந்த என் தோட்டை, கோழி விற்று ஆடி மாதத்துக்குள் மீட்டுவிடலாம் என்று கணக்கும் போட்டுவிட்டேன்.

2023 ஆரம்பத்தில் கால்நடை மருந்தகத்திலிருந்து கழிச்சல் நோய்க்கு ஊசி போட ஊருக்கு வந்தார்கள். "எங்க கோழி மருந்தே படாம வளருது சார், ஊசி வேண்டாம்" என்று பெருமையாகச் சொல்லி அனுப்பிவிட்டேன். பங்குனியில் சந்தைக்குப் போனபோது ஒரு பெட்டைக் கோழி 300 ரூபாய்க்குக் கிடைத்தது. இவ்வளவு மலிவா என்று ஆசைப்பட்டு வாங்கி வந்து, அன்று ராத்திரியே மற்ற கோழிகளோடு அடைத்தேன்.

மூன்றாம் நாள் அது சுருண்டு உட்கார்ந்தது. வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்தது. அடுத்த வாரம் என் கோழிகள் ஒவ்வொன்றாக இறக்கையைத் தொங்கப் போட்டன. சிலதுக்குக் கழுத்து திருகிக்கொண்டது. அத்தை சின்ன வெங்காயம், சீரகம், மிளகு, மஞ்சள், கீழாநெல்லி அரைத்து உருட்டி உருட்டிக் கொடுத்தார். ஆறே நாளில் 22 கோழி போய்விட்டது. நாலு பிழைத்தது. அது மருந்தாலா, ஆயுசு கெட்டியா, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

"சாகிறதுக்குள்ள சந்தையில தள்ளிடலாமா?" என்று இவர் கேட்டார். எனக்கு அப்படித்தானே ஒரு கோழி வந்து சேர்ந்தது! வேண்டாம் என்றுவிட்டேன். குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். ஆனால் அதற்குள் வேலி தாண்டி நோய் பரவி, பக்கத்து வீட்டு அக்காவின் 11 கோழியும் செத்துப்போனது. "உன் மலிவுக் கோழியால எனக்கு எவ்வளவு நஷ்டம் பாத்தியா?" என்று ஒரு வார்த்தைதான் கேட்டார். அப்புறம் இரண்டு மாதம் என் முகத்தில் விழிக்கவில்லை. கோழி போனதைவிட அதுதான் என்னை உறுத்தியது.

டாக்டரிடம் போய் அழுதேன். அவர் திட்டவில்லை. "இது வைரஸ் நோய்ம்மா. வந்துட்டா மருந்து கிடையாது, வராம தடுக்கத்தான் முடியும். உங்க பிள்ளைக்குப் போலியோ சொட்டு போட்டீங்கல்ல, இதுவும் அது மாதிரிதான்" என்றார். அப்போதுதான் உறைத்தது. சத்தான தீனி, சுத்தமான கூடு, சாம்பல் குளியல் எல்லாம் இருந்தால் தேவையில்லாத மருந்து குறையும். தடுப்பு மருந்து அந்தக் கணக்கில் சேராது.

கூட்டைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, வெயிலில் காயவிட்டு, மறுபடி ஆரம்பித்தேன். இப்போது குஞ்சு பொரித்த ஏழாம் நாள் கண்ணில் சொட்டு மருந்து, எட்டாவது வாரம் இறக்கையில் ஊசி. தேதியைக் காலண்டரில் குறித்து வைத்துவிடுவேன். ஊசிக்கு முன்னால் டாக்டர் சொன்னபடி குடற்புழு மருந்தும் உண்டு. வெளியிலிருந்து எந்தக் கோழி வந்தாலும், அம்மா வீட்டுக் கோழியாகவே இருந்தாலும், 15 நாளாவது தனியாகக் கட்டிப் போட்ட பிறகுதான் மற்றதோடு சேர்ப்பேன். தண்ணீர்ச் சட்டியைத் தினமும் தேய்த்துக் கழுவுவேன். அத்தையின் சாம்பலும் நொச்சியும் இன்றைக்கும் உண்டு.

முதல் ஈட்டில் தேறிய குஞ்சுகளில் ஆறைக் கூடையில் வைத்துக்கொண்டு அக்கா வீட்டு வாசலில் போய் நின்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார். அப்புறம், "ஊசி போட்டாச்சா?" என்றார். "ரெண்டும் போட்டாச்சுக்கா" என்றேன். கூடையை வாங்கிக்கொண்டார். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

இப்போது எங்கள் வீட்டில் 18 கோழி இருக்கிறது. தோடு ஆடியில் வரவில்லை, அடுத்த தையில்தான் வந்தது. பரவாயில்லை, வந்துவிட்டதே!

கோழி வளர்க்கும் சகோதரிகளே, உங்கள் மாமியார் சொல்வதையும் கேளுங்கள், மாட்டு டாக்டர் சொல்வதையும் கேளுங்கள். ஊருக்கு ஊசி போட வந்தால், என்னைப் போல் பெருமை பேசித் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

- ஒரு வாசகி, மணப்பாறை.