தலைக்கு ஆறு நாழி நெல்!

மாணவன் ஒருவனுக்குத் தினம் ஆறு நாழி நெல். சீனியர் என்றால் பத்து நாழி. (அந்தக் காலத்திலும் சீனியர்கள்தான் கொடுத்து வைத்தவர்கள்!)

ரேஷன் கடை போர்டு இல்லை சார் இது. ஸ்காலர்ஷிப்! ஏறத்தாழ ஆயிரம் வருஷத்துக்கு முந்தி, முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில் கொடுத்தது. எங்கே? ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் என்று இழுக்காதீர்கள். நம்ம விழுப்புரம் பக்கம்தான்.

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குப் போகிற வழியில் மண்டகப்பட்டு என்று ஒரு சின்ன ஊர். ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் இங்கே பாறையைக் குடைந்து ஒரு கோயில் செய்தான். செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுண்ணாம்பு இல்லை என்று கல்வெட்டிலேயே சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டான். சரித்திர மாணவர்கள் வருவார்கள், துவாரபாலகர்களோடு போட்டோ எடுத்துக்கொள்வார்கள், போவார்கள். அதே விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிற எண்ணாயிரத்துக்கு மட்டும் ஏனோ இந்தக் கூட்டம் போவதில்லை. அங்குள்ள நரசிம்மப் பெருமாள் கோயில் கல்வெட்டில்தான் நம் ஸ்காலர்ஷிப் கணக்கு இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். இளநிலை மாணவர்கள் 270 பேர். இவர்களில் ரிக் வேதத்துக்கு 75, யஜுர் வேதத்துக்கு 75, இலக்கணத்துக்கு 40... இப்படி எந்தப் பாடத்துக்கு எத்தனை சீட் என்பது வரைக்கும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். மேல்படிப்புக்கு 70 பேர். ஆசிரியர்கள் 14. இத்தனை பேருக்கும் படியளக்க 45 வேலி நிலம். வருஷத்துக்குப் பத்தாயிரம் கலத்துக்கு மேல் நெல் வேண்டியிருந்தது. நடத்த வேண்டிய பொறுப்பு ஊர்ச் சபைக்கு.

இன்னொன்று, புதுச்சேரிக்குப் போகிற வழியில் திருபுவனை. 1048-ஆம் வருஷம், ராஜாதிராஜன் காலத்துக் கல்வெட்டு. 260 மாணவர்கள், 12 ஆசிரியர்கள், 72 வேலி நிலம். அங்கே ஒரு கூடுதல் சலுகையும் உண்டு. படிக்கிறவர்களையும் பாடம் சொல்கிறவர்களையும் ஊர் வாரிய வேலைக்கு இழுக்கக் கூடாது! எலெக்‌ஷன் டியூட்டி, சென்சஸ் டியூட்டி என்று அலைகிற வாத்தியார்கள் யாராவது இதைப் படித்தால் பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம்.

நிலமாக எழுதி வைத்ததில்தான் சூட்சுமம். இன்றைக்கு நம்ம ஊர்ப் பள்ளிகளில், 'முதல் மதிப்பெண் எடுப்பவருக்கு என் தாயார் நினைவாகப் பரிசு' என்று வங்கியில் டெபாசிட் போட்டு வைப்பார்கள். நல்ல மனசுதான். 1970-ல் ஒருவர் ஆயிரம் ரூபாய் போட்டார் என்று வைத்துக்கொள்வோம். அன்றைக்கு அந்த வட்டியில் ஒரு பையனுக்கு வருஷத்துப் புத்தகமே வாங்கியிருக்கலாம். இன்றைக்கு அந்த வட்டி ரெண்டு பேர் ஓட்டலில் உட்கார்ந்து டிபன் சாப்பிடக்கூடக் காணாது. நெல்லுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆறு நாழி என்றால் என்றைக்கும் ஆறு நாழிதான்.

ரொம்பவும் புல்லரிக்க வேண்டாம். எண்ணாயிரத்தில் சொல்லிக்கொடுத்தது வேதமும் வியாகரணமும் மீமாம்சையும். அந்த 45 வேலியில் சேற்றில் இறங்கி நெல் விளைவித்தவனின் பிள்ளைக்கு அங்கே சீட் கிடையாது. அவன் பங்கு, வெளியே நின்று மூட்டை இறக்கியதோடு முடிந்தது.

கதவு திறக்க ரொம்ப நாள் ஆயிற்று. பச்சையப்ப முதலியார் துபாஷியாக இருந்து பெரும் பொருள் சேர்த்தவர். 1794-ல் காலமாகும் முன் கோயில் தர்மங்களுக்கென்று உயில் எழுதினார். பணம் வழக்கில் மாட்டிக்கொண்டு வட்டி மேல் வட்டியாக வளர்ந்தது. மிஞ்சியதைப் படிப்புக்குத் திருப்பலாம் என்று வழி பண்ணியவர்களில் முக்கியமானவர் அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டன். பள்ளிக்கூடம் திறந்தது 1842-ல். எழுதி வைத்தவர் கண்மூடி 48 வருஷம் கழித்து! பச்சையப்பன் என்றதும் பஸ் டேயும் ரூட்டு தகராறும் மட்டுமே ஞாபகம் வருகிறவர்களுக்கு இந்தத் தகவல்.

அப்புறம் காமராஜர். மதிய உணவுத் திட்டத்தை எல்லோருக்கும் தெரியும். அதன் ஆரம்பக் கணக்கு பலருக்குத் தெரியாது. ஒரு சாப்பாட்டுக்குப் பத்து பைசா செலவு. சர்க்கார் ஆறு பைசா கொடுத்தது. மீதி நாலு பைசா உள்ளூர்க்காரர்களின் பொறுப்பு. யாரோ ஒரு கோடீஸ்வரர் கொடுக்கவில்லை. ஊரில் நெல் வைத்திருந்தவர் நெல், காய் வைத்திருந்தவர் காய். 1958-ல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளிலும் இதே கதைதான். கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போக, ஜனங்கள் பெஞ்சும் கடிகாரமும் கரும்பலகையுமாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். (இன்றைக்கு அதே வேலைக்கு வெப்சைட்டே இருக்கிறது. 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' என்று 2022 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கியது.)

மறுபடி நம்ம பக்கத்துக்கே வருவோம். திண்டிவனம். அங்கே பேராசிரியராக இருந்த பிரபா கல்விமணி, ரோசணையில் தாய்த்தமிழ்ப் பள்ளி உருவாகக் காரணமானவர். நன்கொடையாளர்களின் துணையோடு நடந்த பள்ளி அது. 1993-ல் அத்தியூர் விஜயா என்ற இருளர் பெண்ணுக்குப் போலீஸ்காரர்களால் நேர்ந்த கொடுமைக்கு நியாயம் கேட்கப் போனவர், இருளர்களோடேயே நின்றுவிட்டார். 2021 நவம்பரில், 'ஜெய் பீம்' படம் வெளிவந்த சமயத்தில், நடிகர் சூர்யா இருளர் பிள்ளைகளின் படிப்புக்காக ஒரு கோடி ரூபாய் கொடுத்தது பேப்பரில் வந்தது.

ஒரு கோடி பெரிய தொகைதான். ஆனால் இருளர் பிள்ளை ஒன்று படிப்பைத் தாண்டுவதற்குப் பல சமயம் தேவைப்படுவது ஒரு காகிதம். பழங்குடி என்று கோட்டாட்சியர் கொடுக்கும் சாதிச் சான்றிதழ். அது இல்லை என்றால் அரசு உதவித்தொகை இல்லை, இட ஒதுக்கீடு இல்லை. பெற்றோரோ செங்கல் சூளையில். சான்றிதழுக்காக ரெண்டு நாள் ஆபீஸ் வாசலில் நின்றால் ரெண்டு நாள் கூலி போச்சு. அந்தக் கூலியை ஈடுகட்டிக் கூட ஓர் ஆள் போய் நின்றால் போதும், பிள்ளை காலேஜில் இருக்கும். இதற்கு யாராவது அறக்கட்டளை ரசீது போடுகிறார்களா?

நாம் என்ன கொடுக்கிறோம்? நோட்டுப் புத்தகம்! ஜூன் மாதம் பிறந்தால் போதும். ஷாமியானா, ஃப்ளெக்ஸ், மைக் செட். பேனரில் கொடுக்கிறவர் முகம் ஆறடிக்கு. வாங்குகிற பையன் போட்டோவுக்காக நோட்டைப் பிடித்தபடி திரும்பி நின்று, 'இன்னும் கொஞ்சம் சிரிப்பா தம்பி' என்கிற வரைக்கும் நகர முடியாது. வேடிக்கை என்னவென்றால், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டு, புத்தகம், சீருடை, பை, பஸ் பாஸ் எல்லாமே சர்க்காரே கொடுத்துவிடுகிறது. ப்ளஸ் ஒன் போனால் சைக்கிளும் உண்டு. இருக்கிற நோட்டுக்கு மேல் இன்னொரு நோட்டு!

பள்ளி முடிகிற இடத்தில்தான் ஓட்டை. ப்ளஸ் டூ பாஸ் பண்ணினவனை அந்த மே மாதமே யாராவது கரும்பு வெட்டக் கூப்பிடுகிறார்கள், கையில் முன்பணம் வைத்து. காலேஜ் பக்கம் போனால் பணம் வருவதற்கு முன்னால் போக ஆரம்பிக்கிறது. பிரவுசிங் சென்டர், ஜெராக்ஸ், மெஸ் அட்வான்ஸ், கிழியாத ரெண்டு சட்டை. மாசம் ஆயிரம் ரூபாய் தருகிற புதுமைப்பெண் திட்டம் 2022-லும், பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024-லும் வந்தன. நல்ல காரியம். ஆனால் அது காலேஜில் சேர்ந்த பிறகு வருகிற பணம். சேர்வதற்கு முன்னால் இருக்கிற ரெண்டு மாசத்தில்தான் பலர் கழன்றுகொள்கிறார்கள்.

'நம்ம சம்பளத்துல நாம என்னத்தப் பண்ண?' என்கிறீர்களா? கேட்பீர்கள் என்று தெரியும்.

ஆபீஸில் பத்து பேர் சேருங்கள். (பிறந்தநாள் கேக்குக்கு மட்டும் சேருகிறீர்கள் அல்லவா?) தலைக்கு மாசம் முந்நூறு. தினம் பத்து ரூபாய், வடை இல்லாத டீ! மொத்தம் மூவாயிரம். வருஷத்துக்கு முப்பத்தாறாயிரம். இதில் பத்து பிள்ளைகளுக்கு ஆளுக்குக் கொஞ்சம் என்று தெளிக்க வேண்டாம். ஒரே ஒரு பிள்ளை. மூணு வருஷம். டிகிரி வரைக்கும். யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதை ஊர்ப் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் விட்டுவிடுங்கள். உங்களில் ஒருவருடைய மச்சினனின் பக்கத்து வீட்டுப் பையன் கதையெல்லாம் ஆகாது. மார்க்கை மட்டும் பார்த்தாலும் ஆகாது. 90 பர்சென்ட் எடுத்தவனுக்கு ஏழெட்டு டிரஸ்ட் வரிசையில் நிற்கும். 58 எடுத்துவிட்டுச் சூளைக்குப் போகலாமா என்று யோசிக்கிறவனுக்கு ஒருத்தரும் இல்லை.

வரிச்சலுகைக்கு ரசீது வேண்டுமானால் பதிவு பெற்ற அறக்கட்டளை வழியாகத்தான் கொடுக்க வேண்டும். நேராகப் பிள்ளை கையில் கொடுத்தால் சலுகை கிடையாது. புதிய வரி முறைக்கு மாறிவிட்டவர்களுக்கு எப்படிக் கொடுத்தாலும் கிடையாது.

ஒரு எச்சரிக்கை. முதல் செமஸ்டருக்குப் பத்து பேரும் கொடுப்பார்கள். மூணாவது செமஸ்டரில் ஒருவர் டிரான்ஸ்ஃபர், ஒருவருக்குக் கல்யாணம், இன்னொருவர் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து சத்தமில்லாமல் வெளியேறியிருப்பார். அதனால் முதல் வருஷப் பணத்தில் பத்தாயிரத்தைத் தொடாமல் வங்கியில் போட்டு வையுங்கள். கணக்கு ரெண்டு பேர் பெயரில் இருக்கட்டும்... அதில் ஒருவர் மேனேஜராக இருக்க வேண்டாம். லீவு சண்டை வந்தால் பையன் ஃபீஸ் மாட்டிக்கொள்ளும்!