பாட்டரியைப் பழிக்கும் முன் ஆல்டர்னேட்டரைப் பார்ப்போம்

நம் சங்கங்களின் பொதுக்குழுக் கூட்டங்களில் நூல் விலை, நெசவுக் கூலி, கடன் வட்டி ஆகிய பெரிய இனங்களை உறுப்பினர்கள் துருவித் துருவிக் கேட்பதைப் பார்த்திருக்கிறோம். 'வண்டிப் பராமரிப்பு' என்னும் சிறிய இனம் மட்டும் கேள்வியின்றி நிறைவேறிவிடும். ஆய்வாளராகிய நாமும் ஒரு காலத்தில் அதனை மேலோட்டமாகவே பார்த்து வந்தோம். அதனால் நம் கையால் நேர்ந்த பிழை ஒன்றை முதலில் ஒப்புக்கொண்டு, பிறகு பொருளுக்கு வருவோம்.

ஈரோடு மாவட்டத்து நெசவாளர் சங்கம் ஒன்றின் சரக்கு வண்டிக்குப் பதினான்கு மாதங்களில் மூன்று பாட்டரிகள் வாங்கப்பட்டிருந்தன. நல்ல பாட்டரி ஒன்று பொதுவாக மூன்று ஆண்டுகளாவது உழைக்கும். ஆகவே, 'ஓட்டுநரின் கவனக்குறைவே காரணமாகலாம். தொகையை அவரிடம் வசூலிக்க வேண்டும்' என்று ஆய்வுக் குறிப்பில் எழுதினோம். நிர்வாகக் குழுவும் அவருடைய சம்பளத்தில் மாதந்தோறும் பிடித்தம் செய்யத் தொடங்கியது. "பாட்டரி புதுசுதானுங்க சார், வண்டி ஓடறப்பவே லைட்டு மங்குதுங்க" என்று அவர் பலமுறை சொன்னார். அச்சொல்லை நாம் செவிமடுக்கவில்லை.

சில வாரங்கள் கழித்து, கோவையில் நடைபெற்ற கண்காட்சிக்குப் போர்வைகளை ஏற்றிக்கொண்டு அதே வண்டி இரவில் புறப்பட்டது. நாமும் உடன் சென்றோம். வழியெல்லாம் முகப்பு விளக்கு மஞ்சளித்து மங்கிக்கொண்டே வந்தது. அவிநாசி அருகே தேநீர் அருந்த நிறுத்திய வண்டி மீண்டும் கிளம்பவில்லை. விடிந்த பிறகு வந்த மின்பணியாளர் வண்டியைத் தள்ளிக் கிளப்பச் செய்து, மீட்டரால் இரண்டு இடங்களில் அளந்தார். ஆல்டர்னேட்டரின் முனையில் 14.3 வோல்ட் இருந்தது. பாட்டரியின் முனைகளிலோ 12.2 வோல்ட்தான் இருந்தது. இடைப்பட்ட கம்பியின் முனை தளர்ந்து கருகியிருந்தது. தொட்ட விரல் சுட்டது. கருகிய முனையை வெட்டி, புதிய செம்பு முனை பொருத்தி, மரையை இறுக்கினார். அரைமணி நேரத்தில் வேலை முடிந்தது. அதன் செலவு, ஒரு பாட்டரி விலையில் சிறு பங்கும் இல்லை. காலையில் கடை பரப்ப வேண்டிய போர்வைகள் நண்பகலில்தான் போய்ச் சேர்ந்தன. ஊர் திரும்பியதும் முதல் வேலையாக நம் குறிப்பைத் திரும்பப் பெற்றோம். பிடித்த தொகை ஓட்டுநரிடம் சேர்ந்தது.

இவ்விழப்பு பிற சங்கங்களுக்கு நேராதிருக்க வேண்டுமெனில், வண்டியில் மின்சாரம் எவ்வாறு உண்டாகிறது என்பதை நாம் ஓரளவேனும் அறிந்திருக்க வேண்டும்.

கொங்கு நாட்டாருக்கு இது கடினமான பாடமன்று. பைக்காரா நீர்மின்சாரம் 1930களில் வந்தது முதல் கிணற்று மோட்டாரோடு பழகியவர்கள் நாம். ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் 1937இல் மின்மோட்டார் செய்து காட்டிய ஊர் கோவை. மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்தால் அது சுழல்கிறது. ஆல்டர்னேட்டரைச் சுழற்றினால் அது மின்சாரம் கொடுக்கிறது. காந்தத்தின் அசைவால் கம்பிச் சுருளில் மின்சாரம் பிறக்கும் என்று மைக்கேல் பாரடே 1831இல் கண்டறிந்த உண்மையே இதற்கு அடிப்படை.

பழைய கார்களிலும் லாரிகளிலும் டைனமோ இருந்தது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது அது போதிய மின்சாரம் தராது. சந்தை நெரிசலில் நின்று நின்று செல்லும் வண்டிக்கு அது பெருங்குறை. அமெரிக்காவில் கிரைஸ்லர் நிறுவனம் 1960இல் தன் வேலியன்ட் காரில் ஆல்டர்னேட்டரைப் பொருத்தியது. நாளடைவில் மற்ற நிறுவனங்களும் அதற்கே மாறின. நம் மாநிலத்தில் 1961இல் நிறுவப்பெற்ற லூகாஸ் டி.வி.எஸ். நிறுவனம் சென்னைப் பாடியில் ஸ்டார்ட்டர் மோட்டார்களையும் ஆல்டர்னேட்டர்களையும் செய்து வருகிறது.

ஆல்டர்னேட்டரின் உள்ளே நடப்பது இதுதான். எஞ்சின் சுழலும்போது பெல்ட் வழியாக ஆல்டர்னேட்டரின் நடுத்தண்டும் சுழல்கிறது. அத்தண்டில் சுற்றிய கம்பிக்குக் கார்பன் பிரஷ்கள் வழியாகச் சிறிதளவு மின்சாரம் செல்ல, அது காந்தமாகிறது. அதனைச் சூழ்ந்து நிலையாக நிற்கும் மூன்று கம்பிச் சுருள்களில் மின்சாரம் பிறக்கிறது. தோட்டத்து மோட்டாருக்கு வரும் மும்முனை மின்சாரத்தின் இனமே இதுவும். ஆனால் இது திசை மாறி மாறிப் பாய்வது; பாட்டரிக்கு ஒரே திசையில் பாயும் மின்சாரமே ஏற்கும். ஒருவழிக் கதவுகளைப் போன்ற டையோடுகள் அதனை ஒரு திசைப்படுத்துகின்றன. மின்னழுத்தம் எல்லை மீறாதபடி ரெகுலேட்டர் காந்தத்திற்குச் செல்லும் மின்சாரத்தைக் கூட்டியும் குறைத்தும் காக்கிறது.

தோட்டத்துக்கு ஒப்பிட்டால், பாட்டரி தண்ணீர்த் தொட்டி; ஆல்டர்னேட்டர் கிணற்று மோட்டார்; இடையிலுள்ள கம்பி வாய்க்கால். வண்டியைக் கிளப்பும்போது தொட்டி நீர் செலவாகிறது. ஓடத் தொடங்கியபின் விளக்கு, ஒலிப்பான், துடைப்பான் அனைத்துக்கும் மோட்டாரே இறைத்துக் கொடுத்து, தொட்டியையும் நிரப்புகிறது. வாய்க்கால் உடைந்திருக்கத் தொட்டியை மாற்றிப் பயன் என்ன? அச்சங்கம் மூன்று முறை செய்தது அதுவே. குறைந்த மின்னேற்றத்திலேயே நெடுநாள் கிடக்கும் பாட்டரியின் ஈயத் தகடுகளில் சல்பேட் உப்பு கெட்டியாகப் படிந்து, பாட்டரி உரிய காலத்துக்கு முன்பே கெட்டுப்போகிறது.

சோதிக்கும் முறை எளிது. சிறிய மீட்டர் ஒன்றைச் சங்கத்தில் வாங்கி வைத்துக்கொள்ளலாம். 12 வோல்ட் வண்டியை இரவு முழுதும் நிறுத்திவைத்துக் காலையில் அளந்தால், நிறைந்த பாட்டரி ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடும்போது பாட்டரி முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருப்பது நன்று. முகப்பு விளக்கைப் போட்ட பின்னும் 13 வோல்ட்டுக்குக் கீழ் இறங்கினால் குறை உண்டு. 15 வோல்ட்டைத் தாண்டினால் ரெகுலேட்டர் பழுது. பாட்டரி நீர் கொதித்து வற்றும். 24 வோல்ட் லாரிகளுக்கு இவ்வளவுகளை இரட்டித்துக்கொள்க. மிக அண்மைக் கால வண்டிகள் சிலவற்றில் கணிப்பொறியே மின்னழுத்தத்தை ஏற்றி இறக்குவதால், அவற்றுக்குத் தயாரிப்பாளரின் கையேட்டையே பின்பற்ற வேண்டும்.

பாட்டரியில் அளவு குறைந்தால் உடனே ஆல்டர்னேட்டரையும் பழிக்க வேண்டா. அதன் முனையிலும் அளந்து பார்க்க வேண்டும். இரண்டு அளவுகளுக்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வேறுபாடு இருந்தால் குற்றம் கம்பியிலோ, எர்த் இணைப்பிலோ உள்ளது. சாவியைத் திருப்பியதும் பாட்டரி வடிவச் செவ்விளக்கு எரிந்து, எஞ்சின் ஓடியதும் அணைய வேண்டும். ஓடும்போதும் எரிந்தால் மின்னேற்றம் நின்றுவிட்டது என்று பொருள். தொடக்கத்திலேயே எரியாவிட்டால் அவ்விளக்கோ அதன் கம்பியோ கெட்டிருக்கலாம். ஆனால் மேற்சொன்ன வண்டியைப் போல் வாய்க்காலில் மட்டும் குறை இருந்தால், இவ்விளக்கு எச்சரிக்காமலும் போகலாம். மீட்டர்தான் உண்மையைச் சொல்லும்.

பராமரிப்பில் கருத வேண்டியவை சில. பெல்ட்டின் நீண்ட பகுதியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் பழைய வகை பெல்ட் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தாழலாம். அதிகம் தளர்ந்தால் வழுக்கிக் கிறீச்சிடும். அளவுக்கு மீறி இறுக்கினால் பேரிங் தேயும். இச்சோதனையை எஞ்சினை நிறுத்திய பிறகே செய்ய வேண்டும். பாட்டரி முனைகளில் பூக்கும் உப்பைச் சமையல் சோடா கரைத்த நீரால், அது பாட்டரியின் உள்ளே புகாதபடி கழுவி, உலர்த்தி, வாசலின் தடவுவது நன்று. பஞ்சுப் பொதி ஏற்றும் வண்டியிலும், பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார் ஏற்றும் வண்டியிலும், ஆல்டர்னேட்டரின் காற்றுத் துளைகளில் பஞ்சும் தூசியும் அடைந்துகொள்ளும். வெப்பம் வெளியேறாமல் டையோடுகள் கெடும். மென்மையான தூரிகையால் அவற்றைத் துடைக்க வேண்டும். வண்டி கழுவும்போது அங்கே நீரைப் பீய்ச்சலாகாது.

எஞ்சின் ஓடும்போது பாட்டரிக் கம்பியைக் கழற்றிச் 'சோதிக்கும்' வழக்கம் சில பட்டறைகளில் இன்னும் உண்டு. டைனமோ காலத்துப் பழக்கம் அது. ஆல்டர்னேட்டரில் அவ்வாறு செய்தால் மின்னழுத்தம் திடீரென எகிறி டையோடுகளும் ரெகுலேட்டரும் எரிந்துபோகலாம். வண்டியில் வெல்டிங் செய்யும் முன்பு பாட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும்.

இனி நிர்வாகக் குழுவினர்க்கு ஒரு வேண்டுகோள். வண்டிக் குறிப்பேட்டில் மாதம் ஒருமுறை மூன்று அளவுகளை எழுதச் செய்யுங்கள்: நிறுத்திய நிலையில் பாட்டரி வோல்ட், ஓடும் நிலையில் பாட்டரி வோல்ட், விளக்கு எரியும் நிலையில் பாட்டரி வோல்ட். புதிய பாட்டரிக்கோ ஆல்டர்னேட்டருக்கோ பட்டியல் வந்தால், இவ்வளவுகளைக் கண்ட பிறகே ஒப்புதல் அளியுங்கள். மாற்றிய பழைய உறுப்பைக் கேட்டு வாங்குங்கள். ஓட்டுநர் சொல்லும் குறையை அன்றே, அவர் சொன்ன சொற்களிலேயே எழுதி வையுங்கள். 'ஓடும்போது விளக்கு மங்குகிறது' என்னும் ஒரு வரி அந்தச் சங்கத்தின் ஏட்டில் இருந்திருந்தால், இரண்டு பாட்டரிகளின் விலை மிஞ்சியிருக்கும். ஒருவர் பழி சுமந்திருக்க மாட்டார்.

அவ்வண்டி இன்றும் ஓடுகிறது. ஆய்வுக்குச் செல்லும்போதெல்லாம் நாம் முதலில் கேட்டு வாங்குவது அந்தக் குறிப்பேட்டைத்தான்.